சேவல் கொண்டையில் ஓர் ஈ

அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் தேசிய ஓவியக் கூடம் இருக்கிறது. அங்கே மாட்டியிருக்கும் ஓர் ஓவியத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம். வரைந்தவர் நெதர்லாந்து நாட்டு ஓவியர் வில்லெம் வான் ஆல்ஸ்ட். வரைந்த ஆண்டு 1661.

முதல் பார்வையில் உங்களுக்கு அது பிடிக்காமல் போகலாம். வேட்டை முடிந்தபின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை அந்த ஓவியத்தில் இருக்கின்றன. ஒரு முயல், கவுதாரிகள், ஒரு சேவல், எதற்குமே உயிர் இல்லை. பின்னால் ஒரே இருட்டு. உயிரினங்களின் மேல் மட்டும் வெளிச்சம் விழுகிறது. முயலின் ரோமத்தைத் தொட்டால் மெத்தென்று இருக்கும் என்று தோன்றுகிறது. பார்க்கப் பார்க்க ஒரு சோகமும் வருகிறது, கண்ணை எடுக்க மனமும் வரவில்லை.

இப்படி அசையாத பொருள்களை மட்டும் வைத்து வரைவதை அசையாப் பொருள் ஓவியம் என்பார்கள். பழம், பூ, பாத்திரம், புத்தகம் என்று எதை வேண்டுமானாலும் வரையலாம். வேட்டையில் கிடைத்தவற்றை வரைவது அதில் ஒரு தனிப் பிரிவு.

இந்த ஓவியத்தில் மனிதர் யாரும் இல்லை, கண்ணீர் விடும் முகம் இல்லை. அப்படியிருந்தும் நமக்கு ஏன் சோகம் வருகிறது? இதற்குக் காரணங்கள் உண்டு. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துவிடலாம்.

பொருள்கள் சொல்லும் சேதி

யாராவது இப்படி ஓர் ஓவியத்தை விலை கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டுவார்களா? அந்தக் காலத்து நெதர்லாந்தில் வாங்கினார்கள், அதுவும் ஆசையாக. பெரிய விலங்குகளையும் அன்னம் போன்ற பறவைகளையும் வேட்டையாடும் உரிமை அங்கே பிரபுக்களுக்கே இருந்தது. கப்பல் வணிகத்தில் செல்வம் சேர்த்த வியாபாரிகளிடம் பணம் இருந்தது, அந்த உரிமை இல்லை. வேட்டை ஓவியத்தைச் சுவரில் மாட்டினால் பிரபு வீட்டுக் களை வந்துவிடும். எனவே இந்த ஓவியத்தின் முதல் சேதி, 'எங்கள் வீடு பெரிய வீடு' என்பது.

ஆனால் ஓவியர் அத்தோடு நிறுத்தவில்லை. விலங்குகள் கிடக்கும் கல் மேடையின் பக்கவாட்டில் ஒரு புடைப்புச் சிற்பத்தை வரைந்திருக்கிறார். அதில் ஒரு ரோமானியக் கதை இருக்கிறது. ஆக்டியன் என்ற வேட்டைக்காரன் காட்டில் சுற்றும்போது, வேட்டைத் தெய்வமான டயானா நீராடுவதைத் தற்செயலாகப் பார்த்துவிடுகிறான். கோபம் கொண்ட டயானா அவனை மானாக மாற்றிவிடுகிறாள். அவன் ஆசையாக வளர்த்த நாய்களுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. மான் என்று நினைத்து அவன் மேல் பாய்ந்துவிடுகின்றன. மேலே வேட்டையாடப்பட்ட உயிர்கள், கீழே வேட்டையாடப்பட்ட வேட்டைக்காரன்! 'இன்று துரத்துகிறவன் நாளை துரத்தப்படலாம்' என்று ஓவியர் எழுத்தே இல்லாமல் சொல்லிவிட்டார்.

இப்படி ஒரு பொருளை வரைந்து வேறொரு கருத்தைச் சொல்வதைக் குறியீடு என்கிறோம். வான் ஆல்ஸ்ட்டின் வேட்டை ஓவியங்களில் நீல வெல்வெட் பையும் ராஜாளியின் தலைமூடியும் அடிக்கடி வரும். வேட்டைக்குப் பழக்கிய ராஜாளியின் தலையில் மாட்டுகிற சிறிய தோல் குல்லாய் அது. ராஜாளி பார்வையை நம்பி வாழும் பறவை. கண்ணை மறைத்துவிட்டால் பதற்றம் தணிந்து அமைதியாகிவிடும். ஓவியத்தில் தலைமூடி கிடந்தால், இது ராஜாளி வைத்து வேட்டையாடும் பெரிய வீடு என்று பொருள்.

இப்போது சேவலின் கொண்டையை உற்றுப் பாருங்கள். அங்கே ஓர் ஈ உட்கார்ந்திருக்கிறது.

ஓர் ஈ, ஒரு பெரிய கேள்வி

முழு ஓவியத்தில் அந்த ஈ மிகச் சிறியது. அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் படவே படாது. கண்டுபிடித்த நொடியில் ஓவியம் மாறிவிடும். அதுவரை அழகாகத் தெரிந்த இறகும் ரோமமும் இன்னும் சில நாளில் அழுகிவிடும் என்பது சட்டென்று உறைக்கும். வெல்வெட்டும் பளிங்கும் எவ்வளவு பளபளத்தாலும் எதுவும் நிலைக்காது என்பதுதான் ஈ கொண்டுவரும் சேதி.

ஏன் ஈ? உயிர் போன உடலைத் தேடி முதலில் வருபவை ஈக்கள்தாம். மாமிசத்திலிருந்து கிளம்பும் வாயுக்களின் வாசனை அவற்றுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். வந்த ஈ முட்டையிடும். சூடான காலநிலையில் ஒரு நாளுக்குள் புழுக்கள் வெளிவரும். ஓவியருக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்காது. ஆனால் எது முதலில் வரும் என்று கண்ணால் பார்த்திருந்தார்.

ஓவியம் வரையப்பட்ட காலத்தில் பலரும் ஒன்றை உறுதியாக நம்பினார்கள். அழுகும் மாமிசத்திலிருந்து புழுக்கள் தாமாகவே பிறக்கின்றன என்பதே அந்த நம்பிக்கை. முட்டை, தாய், தந்தை எதுவும் தேவையில்லை என்று படித்தவர்களே சொன்னார்கள்.

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் பிரான்செஸ்கோ ரெடி என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். பல குடுவைகளில் மாமிசத்தையும் மீனையும் வைத்தார். சிலவற்றைத் திறந்துவைத்தார், சிலவற்றை இறுக்கி மூடினார். திறந்த குடுவைகளில் புழு வந்தது. மூடியவற்றில் வரவில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். மூடியதால் காற்று போகாமல் புழு பிறக்கவில்லையோ? ரெடிக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. அடுத்த முறை மெல்லிய வலைத்துணியால் குடுவையை மூடினார். காற்று உள்ளே போகும், ஈ போக முடியாது. இப்போதும் மாமிசத்தில் புழு இல்லை. ஈக்கள் வலைத்துணியைச் சுற்றிச் சுற்றி வந்தன. புழு மாமிசத்திலிருந்து பிறக்கவில்லை, ஈயின் முட்டையிலிருந்துதான் பிறக்கிறது! ரெடி இதைப் புத்தகமாக வெளியிட்ட ஆண்டு 1668. ஓவியம் வரைந்து ஏழே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இன்னொரு சுவையான செய்தி. ரெடி, ஃப்ளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் இரண்டாம் ஃபெர்டினாண்டோவுக்கு மருத்துவராக இருந்தவர். வான் ஆல்ஸ்ட்டும் ஆம்ஸ்டர்டாமில் குடியேறுவதற்கு முன் அதே ஃபெர்டினாண்டோவிடம் ஓவியராக வேலை பார்த்தவர். ஒரே அரண்மனையை அறிந்த இரண்டு பேர். ஒருவர் ஈயை உற்றுப் பார்த்து வரைந்தார், ஒருவர் ஈயை உற்றுப் பார்த்துச் சோதனை செய்தார்.

இறகில் இல்லாத நிறம்

அதே பத்தாண்டில் லண்டனிலும் ஒருவர் ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ராபர்ட் ஹூக். நுண்ணோக்கியில் தான் கண்டதையெல்லாம் வரைந்து 1665இல் 'மைக்ரோகிராஃபியா' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதில் ஓர் ஈயின் தலை பக்கம் நிறையப் பெரிதாக வரையப்பட்டிருக்கிறது. அதன் இரண்டு கண்களிலும் சேர்த்துச் சுமார் 14,000 சிறு முத்துகள் போன்ற அமைப்புகள் இருப்பதாக ஹூக் கணக்கிட்டார். அதைத்தான் இன்று கூட்டுக் கண் என்று படிக்கிறோம்.

ஹூக் மயிலிறகையும் பார்த்தார். அதன் மேல் தண்ணீர் பட்டதும் பளபளத்த நிறங்கள் மறைந்ததைக் கவனித்தார். சாயமாக இருந்தால் தண்ணீர் பட்டதும் இப்படி மறையுமா? ஆகவே, அந்த நிறம் இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிறது என்று அவர் புரிந்துகொண்டார். இன்று இதைக் கட்டமைப்பு நிறம் என்கிறோம். இறகுக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று சேரும்போது, சில நிறங்கள் வலுக்கின்றன, சில அணைந்துவிடுகின்றன. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். காட்டு வாத்தின் பச்சைத் தலையும் சேவல் வாலில் மின்னும் பச்சையும் இப்படி வருபவைதாம்.

வேட்டை ஓவியர்களுக்கு இது பெரிய சவால். நிஜ இறகு, நீங்கள் தலையை நகர்த்தினால் நிறம் மாறும். ஓவியத்தில் பூசிய நிறம் எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். அப்படியானால் மினுமினுப்பை எப்படிக் காட்டுவது? ஓவியர் ஒரே கோணத்தில் நின்று, எந்த இடத்தில் நிறம் பளிச்சென்று இருக்கிறது, எந்த இடத்தில் சட்டென்று கறுப்பாகிறது என்று குறித்துக்கொள்வார். பளிச்சென்ற பச்சைக்குப் பக்கத்திலேயே இருளை வைப்பார். அந்தத் திடீர் மாற்றத்தைக் கண்டு, 'இது மின்னுகிறது' என்று நம் மூளை முடிவு செய்துவிடும்.

வெள்ளை வாத்தும் ஓர் ஆசிரியரும்

இருட்டும் வெளிச்சமும் மனத்தை எப்படித் தொடுகின்றன என்பதைப் பார்க்க, பிரான்ஸ் நாட்டுக்குப் போவோம். ஜான்-பாப்டிஸ்ட் ஊத்ரி என்ற ஓவியர் 1686இல் பிறந்தவர். மன்னரின் வேட்டைகளையும் வேட்டை நாய்களையும் வரைந்து பேர் பெற்றவர். அவருடைய ஆசிரியர் லார்ஷிலியேர் ஒருநாள், வரைவதற்குப் பூக்கள் பறித்து வரச் சொன்னார். ஊத்ரி பல நிறப் பூக்களைக் கொண்டுவந்தார். ஆசிரியர் ஏற்கவில்லை. எல்லாமே வெள்ளையாக இருக்கும் பூக்களைப் பறித்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

வெள்ளைப் பூக்கள் வந்தன. வரையத் தொடங்கியதும் ஊத்ரிக்கு உண்மை புரிந்தது. ஒரு வெள்ளை இன்னொரு வெள்ளையைப் போல் இல்லை! ஒன்றில் மஞ்சள் சாயல், ஒன்றில் நீலச் சாயல். நிழல் பட்ட பக்கம் வெள்ளையே இல்லை, பழுப்பாகக்கூடத் தெரிந்தது. 1749இல் பாரிஸ் ஓவியக் கழகத்தில் பேசும்போது ஊத்ரி இதை நன்றியோடு நினைவுகூர்ந்தார். வெள்ளிப் பாத்திரத்தின் நிறத்தைச் சரியாக அறிய வேண்டுமா, அதன் பக்கத்தில் வெள்ளைத் துணி, தாள், பீங்கான் என்று வேறு வெள்ளைப் பொருள்களை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்று இளம் ஓவியர்களுக்குச் சொன்னார்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். 1753இல் அவர் வரைந்த 'வெள்ளை வாத்து' ஓவியத்தில் ஒரு வெள்ளை வாத்து தலைகீழாகத் தொங்குகிறது. பக்கத்தில் வெள்ளை மேசைத்துணி, வெள்ளி விளக்குத் தண்டு, அதில் வெள்ளை மெழுகுவத்தி, பீங்கான் கிண்ணம், ஒரு வெள்ளைத் தாள். சுவரும் வெளிறிய நிறம். நிறமே இல்லாதது போன்ற இந்த அமைப்பில் ஒவ்வொரு பொருளும் தனித்தனியாகத் தெரிகிறது. வான் ஆல்ஸ்ட்டின் இருட்டு நம்மைக் கலங்க வைக்கும். ஊத்ரியின் வெள்ளை நம்மை அமைதியாக்கும். இரண்டிலும் இருப்பது உயிரற்ற பறவைதான். வெளிச்சம் மாறியது, உணர்வும் மாறிவிட்டது. வருத்தமான செய்தி, 'வெள்ளை வாத்து' 1990களில் இங்கிலாந்தில் ஒரு மாளிகையிலிருந்து திருடு போனது.

ஊத்ரி கண்ட உண்மையை அறிவியல் விதியாக எழுதியவர் பிரான்சின் வேதியியல் அறிஞர் ஷெவ்ரல். பாரிஸில் கோபலான் என்ற திரைச்சீலை நெசவுக் கூடத்தில் சாயப் பிரிவை அவர் கவனித்துவந்தார். கறுப்பு நூலின் சாயம் சரியில்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியது. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் பக்கத்து நிறமும் தீர்மானிக்கிறது என்று 1839இல் அவர் நூல் எழுதினார். ஊத்ரியும் ஒருகாலத்தில் அதே கோபலான் கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர்தான்.

காரணம் நம் கண்ணில் இருக்கிறது. விழித்திரையில் உள்ள செல்கள், தமக்கு வரும் ஒளியின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்வதில்லை. பக்கத்துச் செல்லுக்கு வரும் ஒளியோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பெரிதாக்கிச் சொல்கின்றன. வெயிலில் கிடக்கும் கரித்துண்டிலிருந்து வரும் ஒளி, மங்கிய அறையில் இருக்கும் வெள்ளைத் தாளிலிருந்து வருவதைவிட அதிகமாகவே இருக்கும். ஆனாலும் கரி கறுப்பாகவும் தாள் வெள்ளையாகவும் தெரிவது இந்த ஒப்பீட்டால்தான். வான் ஆல்ஸ்ட் பின்னணியை இருட்டாக்கியதும் இதற்காகவே. அவரிடம் இருந்த வெள்ளை வண்ணம் விளக்கைப் போல ஒளி வீசாது. ஆனால் கறுப்புக்குப் பக்கத்தில் வைத்தால், வெளிச்சம் விழுவதாக நம்மை நம்பவைக்கும்.

காய மறுக்கும் எண்ணெய்

முயலின் ரோமத்தை இவ்வளவு மென்மையாக எப்படி வரைந்தார்கள்? விடை, ஆளிவிதை எண்ணெய். நிறமிப் பொடியை இந்த எண்ணெயில் குழைத்துத்தான் வண்ணம் செய்தார்கள். கொடியில் போட்ட ஈரத்துணி காய்வது போல எண்ணெய் வண்ணம் காய்வதில்லை. துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். எண்ணெயோ எங்கும் போகாது. காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகும். இதற்குப் பல நாள் ஆகும். அதுவரை ஓவியர் ஒரு நிறத்தை இன்னொன்றோடு மெல்லத் தேய்த்துக் கலக்கலாம். காய்ந்தபின் அதன் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசலாம். ஒளி அந்தப் பூச்சுகளுக்குள் போய்த் திரும்பி வருவதால் நிறத்துக்கு ஓர் ஆழம் கிடைக்கிறது.

அக்கால ஓவியர்கள் இப்படி எண்ணெயில் குழைத்த நீல நிறமிகளில் விலை உயர்ந்தது அல்ட்ராமரீன். ஆப்கானிஸ்தானின் படக்ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி என்ற கல்லைப் பொடியாக்கிச் செய்தது. மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த ஓர் அயனிதான் அந்த நீலத்துக்குக் காரணம்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஓவியர் பூசிய நிறம்தான் இன்றும் தெரிகிறது என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்து மஞ்சள் சாயங்கள் சில ஒளி பட்டு வெளுத்துவிட்டன. மஞ்சளும் நீலமும் கலந்து வரைந்த பச்சை இலைகள் பல பழைய ஓவியங்களில் இன்று நீலமாகத் தெரிவது இதனால்தான். மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகிவிடும். பழைய ஓவியம் தரும் உணர்வில் ஒரு பங்கு, காலம் செய்த வேதியியல் வேலை. அருங்காட்சியக வல்லுநர்கள் எக்ஸ் கதிராலும் நுண்ணோக்கியாலும் சோதித்து, எது ஓவியர் செய்தது, எது காலம் செய்தது என்று பிரித்தறிகிறார்கள்.

தள்ளி நின்று பார்த்தவர்

வான் ஆல்ஸ்ட் மிக நெருங்கிப் பார்த்தார். இதற்கு நேர்மாறான வழியில் போனவர் பிரான்சின் ஷார்தான். 1699இல் பிறந்தவர். ஒரு முயலை வரைய விரும்பிய அவர், மற்றவர்கள் முயலை எப்படி வரைந்தார்கள் என்பதையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார் என அவருடைய நண்பர் கோஷான் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு ரோமமாகத் தெரியாத தூரத்தில் முயலை வைத்தாராம்.

தூரம் கூடும்போது நுண்ணிய விவரங்கள் ஒன்றாகக் கலந்துவிடும். ஒளியும் நிழலும் உருவமும் மட்டும் மிஞ்சும். ஷார்தானின் முயலில் பளபளப்பு இல்லை, வெல்வெட் இல்லை, பளிங்கு இல்லை. பழுப்பும் சாம்பலுமாக ஒரு சின்ன உயிர், வெடிமருந்துக் குடுவை, ஒரு வேட்டைப் பை. அவ்வளவுதான். அதைப் பார்க்கும்போது 'வேட்டை நன்றாக நடந்தது' என்று தோன்றுவதில்லை. அந்த முயல் மேல் இரக்கம் வருகிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

பதினைந்து வயது மாணவி

வான் ஆல்ஸ்ட்டிடம் ஓவியம் கற்க ஒரு பெண் வந்து சேர்ந்தார். பெயர் ராகெல் ரைஷ். அப்போது அவருக்கு வயது 15. அவருடைய தந்தை ஃபிரடெரிக் ரைஷ் ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற உடற்கூறு அறிஞர், தாவரவியலும் தெரிந்தவர். விலங்குகள், செடிகள், எலும்புகள் என்று அவர் பதப்படுத்திச் சேர்த்த பொருள்களை ரஷ்ய மன்னர் பீட்டர் 1717இல் விலைக்கு வாங்கினார். அந்த வீட்டில் பூச்சிகளையும் பூக்களையும் பார்த்து வளர்ந்த ராகெல், உலகின் சிறந்த பூ ஓவியர்களில் ஒருவரானார். எண்பது வயதைத் தாண்டியும் வரைந்தார். அவர் வரைந்த பூக்களுக்கு நடுவே வண்டும் பட்டாம்பூச்சியும் எறும்பும் தத்தம் உடலமைப்போடு சரியாக இருக்கும். அறிஞரின் வீடும் ஓவியரின் பட்டறையும் சேர்ந்து உருவாக்கிய கண் அது.

நீங்களும் செய்து பாருங்கள்

காலை நேரத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு மேசை போடுங்கள். அதன் மேல் வெள்ளைத் துணி விரியுங்கள். ஒரு முட்டை, கொஞ்சம் மல்லிகைப் பூ, ஒரு பூண்டு, கொஞ்சம் கல் உப்பு, ஒரு வெள்ளைத் தாள், பால் ஊற்றிய கிண்ணம் ஆகியவற்றை வையுங்கள். எது மிக வெள்ளை? எதில் மஞ்சள் சாயல் இருக்கிறது? முட்டையின் நிழல் பக்கம் என்ன நிறம்? நோட்டில் எழுதுங்கள்.

பிறகு கண்களைப் பாதி மூடி, இடுக்கிப் பாருங்கள். விவரங்கள் மறைந்து ஒளியும் நிழலும் மட்டும் தெரியும். ஷார்தான் தள்ளி நின்று பார்த்தது இதைத்தான்.

அடுத்து, வெள்ளைத் துணியை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணியை விரித்து அதே பொருள்களை வையுங்கள். முட்டை மாறவில்லை, ஆனால் இப்போது கூடுதல் வெள்ளையாகத் தெரியும். உங்கள் மனத்தில் தோன்றும் உணர்வும் மாறுகிறதா? அதையும் எழுதுங்கள். பெருவிரல் நகத்தளவு இடத்தில் ஓர் ஈயை வரைந்து பார்க்கவும் மறக்காதீர்கள். ஆறு கால், இரண்டு சிறகு, இரண்டு பெரிய கண்.

வாஷிங்டன் கூடத்து ஓவியத்தை அதன் இணையதளத்தில் இலவசமாகவே பெரிதாக்கிப் பார்க்கலாம். அண்ணன், அக்கா, ஆசிரியர் யாரிடமாவது சொல்லித் திறந்து பாருங்கள். ஒரே பார்வையில் மூடிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் பார்த்து, உங்களுக்கு என்ன தோன்றியது என்றும், ஏன் அப்படித் தோன்றியது என்றும் எழுதுங்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள்தான் ரெடியும் ஹூக்கும் ஊத்ரியும். நீங்களும் கேளுங்கள்.